வெடி வைத்தவன் நான்தான்

கனடாவின் வட ஒன்ராறியோக் காட்டில், மூஸ் என்னும் பெரிய மான் இனத்துக் காளை ஒன்றை வயிற்றில் சுட்டேன். அது விழவில்லை, காயத்தோடு காட்டுக்குள் போய்விட்டது. உடன் வந்தவர்கள் கேட்டபோது குறி தப்பிவிட்டது என்று சொன்னேன். மறுநாள் அதைத் தேடிப் போகவில்லை. அதன் உடலைக் கண்டவர் வந்து கேட்டபோதும் அது என் வெடி அல்ல என்று சாதித்தேன். என் குற்றம் இதுதான். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. யாரும் தண்டிக்கவும் இல்லை. அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வேட்டை பழகும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, "அண்ணா, பெரிய றைபிளுக்கு எந்த ஸ்கோப் போடலாம்?" என்று கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவன் என்ற மரியாதையோடு கேட்கிறார்கள். அந்த மரியாதையை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியின் தரம், விலை, எத்தனை மடங்கு பெருக்கும் என்று பேசி அனுப்புவது இனி என்னால் முடியாது. நான் ஸ்கோப் தெரிவு செய்த கதையும் அந்த மூஸ் செத்த கதையும் ஒரே கதை. ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

நான் கிழக்கிலங்கையில், பாண்டிருப்பில் பிறந்தவன். ஊருக்கு மேற்கே, கிட்டங்கி ஆற்றைக் கடந்து, நாவிதன்வெளிப் பக்கம் எங்கள் வயல் இருந்தது. கல்லோயா நீர் பாயும் வட்டை. அப்பாவிடம் 12 போர் துவக்கு ஒன்று இருந்தது. பயிர்க் காவலுக்கென்று கச்சேரியில் எடுத்த அனுமதிப் பத்திரமும் இருந்தது. பக்கத்து வயல்காரர் மருதமுனை முஸ்லிம் ஒருவர்; காக்கா என்றுதான் அழைப்போம். கதிர் முற்றும் காலத்தில் அப்பாவும் அவரும் ஒரே வாடியில்தான் இரவுக் காவல் கிடப்பார்கள். பன்றி வந்தால் துவக்கு. யானை வந்தால் தகரம் தட்டுவார்கள், பந்தம் கொளுத்துவார்கள், சீன வெடி போடுவார்கள். யானையை நோக்கி அப்பா துவக்கை நீட்டி நான் கண்டதில்லை.

ஓர் இரவு அப்பாவின் வெடி பட்ட பன்றி ஒன்று விழாமல் பற்றைக்குள் ஓடியது. விடிந்தால் அந்தப் பற்றை ஓரமாகத்தான் அறுவடைக்கு ஆட்கள் வருவார்கள். காயப்பட்ட பன்றி ஆளைக் கிழிக்கும். அப்பா ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். காக்காவும் கூடவே போனார். பன்றி அவருக்கு ஹறாம். அதன் இறைச்சியில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது. ஆனாலும் இரத்தத் துளிகளைத் தேடித் தேடி, பாம்பும் முள்ளும் கிடக்கிற இருட்டில், அப்பாவோடு நடந்தார். என்னை வாடியில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். கீழ்வானம் வெளுக்கிற நேரம் இரண்டாவது வெடி கேட்டது. திரும்பி வந்த அப்பா துவக்கைத் துடைத்தபடி சொன்னார்: "வெடி வெச்சவன்தான் முடிக்கணும் மனே. பாதியில விட்டா அந்தச் சீவனுக்கும் பாவம், மத்தவனுக்கும் ஆபத்து."

வேட்டை பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. பிறகு கனடாவில் வகுப்பில் இருந்து படித்ததும் புத்தகத்தில் வாசித்ததும் அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

எண்பதுகளில் துவக்குகள் எங்கள் பக்கத்து விவசாயிகளின் வீடுகளை விட்டுப் போயின. சிலருடையவை பொலிசுக்குப் போயின. சிலருடையவற்றை இயக்கங்கள் கொண்டுபோயின. அதன் பிறகு துவக்கு என்றால் எங்களுக்குச் சீருடை என்றே பொருளாயிற்று. 1990 ஜூனில் கல்முனையிலும் எங்கள் ஊரிலும் நடந்த கொலைகளை அந்த வயதுக்காரர் எவரும் மறக்கமாட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். துவக்குச் சத்தத்துக்குக் கட்டிலின் கீழ் ஒளிந்தவன் நான். அப்படிப்பட்டவன் இன்னொரு நாட்டில் காசு சேர்த்துத் துவக்கு வாங்கினான் என்றால் அதற்கு நல்ல காரணம் இருந்திருக்க வேண்டும். என்னிடம் இருந்த காரணம் நல்லதல்ல. எத்தனையோ ஆண்டுகள் துவக்கின் முன்னால் நின்றவனுக்கு அதன் பின்னால் நிற்க வேண்டும் என்று இருந்தது. இறைச்சிக்காக, காட்டின் அமைதிக்காக, அப்பாவின் நினைவுக்காக என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். அவற்றில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் முதற் காரணம் ஆண்மைச் செருக்கு.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றையெல்லாம் செய்தேன். துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, மத்திய பொலிசின் அனுமதி, ஒன்ராறியோவின் வேட்டைக் கல்வி வகுப்பு எல்லாம் முடிந்தது. பிறகு .338 வின்செஸ்டர் மக்னம் றைபிள் ஒன்று வாங்கினேன். 1958இல் சந்தைக்கு வந்த தோட்டா அது. மூஸுக்கும் பெருங்கரடிக்கும் ஏற்றது. மூஸுக்கு .30-06 போதும் என்று மட்டக்களப்பு அண்ணன் சொன்னார். எங்கள் வேட்டைக் குழுவுக்கு மூத்தவர் அவர்; அந்தக் காட்டில் நீண்ட காலம் பழகியவர். அவருடைய றைபிளை விட என்னுடையது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பலமாகத் தோளில் உதைத்தது. அந்த உதை எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தது ஸ்கோப். பெரிய றைபிளுக்கு ஸ்கோப் தேடும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. உதைக்கும் துவக்கு என்பதால் கண்ணுக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே தாராளமான இடைவெளி வேண்டும். நான்கு அங்குலத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. காட்டில் விலங்கு கிட்டத்திலும் வரும், அசைந்துகொண்டும் இருக்கும் என்பதால் பார்வைப் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். மூஸ் வெளியே வருவது விடியற்காலையிலும் அந்தியிலும் என்பதால் மங்கல் வெளிச்சத்தில் படம் தெளிவாகத் தெரிய வேண்டும். உதையில் குலையாத உறுதியும், இறுகப் பிடிக்கும் வளையங்களும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொருந்துவது சிறிய ஸ்கோப்தான். ஒன்றரையிலிருந்து ஐந்து மடங்கு, அல்லது இரண்டிலிருந்து ஏழு மடங்கு பெருக்குவது. ஆபிரிக்காவில் எருமைக்கும் யானைக்கும் .375 ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் துவக்கைத் தூக்கிப் போகிறவர்களும் இந்த அளவில்தான் போடுகிறார்கள்.

அண்ணனும் இதைத்தான் சொன்னார். நான் வாங்கியது ஆறிலிருந்து இருபத்து நான்கு மடங்கு பெருக்குவது. முன் கண்ணாடி 50 மில்லிமீற்றர். கண்ணுக்கு விட்ட இடைவெளி மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நிலையான இலக்கைத் தொலைவிலிருந்து சுடும் போட்டிக்காரருக்கு உகந்த கருவி அது. மூஸ் காட்டுக்கு உகந்ததல்ல என்பது அதை வாங்கும்போதே எனக்குத் தெரியும். நாலுபேர் பார்த்து "அடேயப்பா" என்று சொல்ல வேண்டும் என்பதற்காக வாங்கினேன். மற்றவர்கள் நூறு மீற்றரில் சுட்டதைச் சொல்லும் இடத்தில் நான் நானூறு மீற்றரில் சுட்டதைச் சொல்ல வேண்டும் என்பதற்காக வாங்கினேன்.

அந்தக் கருவி செய்த வேலையைக் கணக்காகவே சொல்கிறேன், கேட்கும் பிள்ளைகளுக்கு உதவும். முன் கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கும் மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50ஐ 24ஆல் வகுத்தால் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அந்தியில் மனிதக் கண்மணி 5 மில்லிமீற்றருக்கு மேல் விரிகிறது. ஆக, முழுப் பெருக்கத்தில் என் கண் கேட்ட வெளிச்சத்தில் பெரும்பகுதியை அந்த ஸ்கோப் கொடுக்கவே இல்லை. அதையே ஆறு மடங்கில் வைத்திருந்தால் 8 மில்லிமீற்றர் கிடைத்திருக்கும். பார்வைப் பரப்பும் அப்படித்தான். ஒன்றரை மடங்கில் நூறு மீற்றர் தூரத்தில் இருபது மீற்றர் அகலம் தெரியும்; இருபத்து நான்கில் ஒன்றரை மீற்றர்தான் தெரியும். மடங்கு கூடக் கூட நெஞ்சுத் துடிப்பும் மூச்சும் குறிக்கம்பியைத் தள்ளாட வைக்கும். விலங்கு பெரிதாகத் தெரிவதால் கிட்டத்தில் நிற்பது போல மனம் ஏமாறும். அந்த ஏமாற்றம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தூரம் அப்படியே இருக்கிறது. காற்று அப்படியே இருக்கிறது. குண்டு இறங்கும் இறக்கமும் அப்படியே இருக்கிறது. இருநூறு மீற்றருக்குக் குறி சரிபார்த்த என் துவக்கின் குண்டு முந்நூறு மீற்றரில் ஒரு சாணுக்குக் கிட்டக் கீழே போகும். அதற்கு அப்பால் இறக்கம் வேகமாகக் கூடும்.

பயிற்சியிலும் என்னை நானே ஏமாற்றினேன். சுடுதளத்தில் மேசை போட்டு, மணல் மூட்டையில் துவக்கைத் தாங்க வைத்து, ஆற அமரச் சுட்டேன். கடதாசியில் துளைகள் ஒன்றையொன்று ஒட்டி விழுந்தன. அந்தக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் காட்டினேன். முழந்தாளிட்டுச் சுட்டுப் பழகவில்லை. நின்றபடி சுட்டுப் பழகவில்லை. மூச்சிரைக்க நடந்து வந்து சுட்டுப் பழகவில்லை. காட்டில் மேசை கிடையாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்படிச் சுட்டால் துளைகள் சிதறும், காட்டிப் பெருமைப்பட ஒன்றும் மிஞ்சாது என்பதால் தவிர்த்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு காளை மூஸுக்கான அனுமதிச் சீட்டுக் கிடைத்தது. ஒன்ராறியோவில் அந்தச் சீட்டு நினைத்தவுடன் கிடைப்பதல்ல. அரசு ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை விலங்கு என்று அளந்து கொடுக்கிறது. ஒரு சீட்டுக்கு ஒரு விலங்கு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மரம் வெட்டி வெளியாக்கிய பரப்பொன்றின் ஓரத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். சூரியன் இறங்கிய பிறகு அரை மணி நேரம் வரைதான் அங்கே சுடலாம். அந்த நேரமும் முடியப் போகிறது. எதிர்க் கரையில் காளை வெளியே வந்தது. முந்நூறு மீற்றருக்குக் குறையாத தூரம். நான் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது: சுடாமல் விடுவது, அல்லது காற்றுப் பார்த்து மறைவாகக் கிட்டப் போவது. கிட்டப் போனால் ஓடிவிடுமே என்ற பேராசை ஒருபுறம், இந்தத் தூரத்திலிருந்து விழுத்தினேன் என்று சொல்லும் ஆசை மறுபுறம். ஸ்கோப்பை முழு மடங்குக்குத் திருகினேன். கண்ணாடிக்குள் கறுப்பும் பழுப்புமாக ஒரு மேனி தள்ளாடியது. அதில் தோள் எது, விலா எது என்று நான் நிச்சயப்படுத்தவில்லை. நிச்சயப்படுத்தாமலே விசையை இழுத்தேன்.

உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கண்ணில் வழிந்தது. வெடி பட்டவுடன் விலங்கு எப்படி அசைந்தது, எந்தப் பக்கம் போனது என்று பார்ப்பது வேட்டைக்காரன் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. நெஞ்சில் பட்டால் ஒருவிதமாகத் துள்ளும். வயிற்றில் பட்டால் முதுகைக் கூனிக்கொண்டு நடக்கும். அந்தக் குறுகிய கண்ணாடிக்குள் நான் ஒன்றையும் காணவில்லை. ஆனால் கேட்டேன். குண்டு உடம்பில் படும் சத்தம் தனியானது. ஈரச் சாக்கில் தடியால் அடித்தது போல அது கேட்டது. பட்டுவிட்டது என்பது அந்தக் கணமே எனக்குத் தெரியும்.

வெட்டி விட்ட மரங்களுக்கு மேலாக ஏறி இறங்கி அந்த இடத்துக்குப் போனேன். ரோச் லைட் வெளிச்சத்தில் முதலில் மயிர் கிடந்தது. பிறகு இலைகளில் கருஞ்சிவப்பு இரத்தம். அதில் அரைத்த தழைத் துணுக்குகள் கலந்திருந்தன. நுரையீரலில் பட்டால் இரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்து வரும். இது வயிறு. அப்படிப் பட்ட விலங்கை உடனே துரத்தக் கூடாது, அது எங்காவது படுத்துக்கொள்ளும், சில மணி நேரம் விட்டு எல்லோருமாகத் தேடி முடிக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அடிபட்ட விலங்கை மீட்க முடிந்த மட்டும் முயல வேண்டும் என்பது அங்குள்ள சட்டமும்கூட. செய்ய வேண்டியதெல்லாம் அண்ணனிடம், "வயித்தில பட்டுட்டுது, விடியத் தேடுவம்" என்று சொல்வதுதான்.

நான் சப்பாத்தால் இலைகளைத் தள்ளி அந்த இரத்தத்தை மூடினேன்.

அண்ணன் வந்தார். "என்ன தம்பி, பட்டுதா?" என்றார். "இல்லண்ணன், தப்பிட்டுது" என்றேன். அவர் என் புருவத்தைப் பார்த்தார். "ஸ்கோப் அடிச்சிட்டுது போல" என்று தன் கைக்குட்டையை எடுத்துக் காயத்தில் வைத்து அழுத்தினார். கூடாரத்தில் மற்றவர்களும் என் காயத்தைப் பற்றியே பேசினார்கள், தேநீர் போட்டுத் தந்தார்கள். காயப்பட்ட விலங்கு காட்டுக்குள் கிடக்க, காயப்பட்டவனாக நான் உபசாரம் வாங்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த இழிவான காரியம் எது என்று கேட்டால் அந்த இரவைச் சொல்வேன்.

ஏன் பொய் சொன்னேன்? தண்டனைக்குப் பயந்தல்ல. சொல்லியிருந்தால் யாரும் என்னைத் தண்டித்திருக்கமாட்டார்கள். கூடவே வந்து தேடியிருப்பார்கள். ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டாய், ஏன் சுட்டாய் என்று கேட்டிருப்பார்கள். அந்த ஸ்கோப்பை வாங்காதே என்று சொன்னவர் முன்னால் நான் சிறுத்துப் போயிருப்பேன். அந்தச் சிறுமையிலிருந்து தப்ப ஓர் உயிரை வேதனையில் விட்டேன். வயிற்றில் குண்டு பட்ட மூஸ் உடனே சாகாது. பல மணி நேரம் கிடந்து சாகும்.

அந்தப் பொய் அதோடு நிற்கவில்லை. எங்கள் சீட்டு இன்னும் பயன்படுத்தப்படாததாகவே மற்றவர்கள் நினைத்தார்கள். ஆகவே வேட்டை தொடர்ந்தது. குழுவில் ஒருவர் இளங்காளை ஒன்றைச் சுத்தமாக, நெஞ்சில், ஒரே வெடியில் விழுத்தினார். சீட்டை அதற்குக் கட்டினார்கள். நான் உண்மை சொல்லியிருந்தால் அந்த இளங்காளை செத்திருக்காது. ஒரு சீட்டுக்கு இரண்டு உயிர் போயிற்று. இரண்டாவதைச் சுட்டவர் குற்றமற்றவர். அதன் சாவும் என் கணக்கில்தான் நிற்கிறது.

வீடு திரும்பும் முன் காகங்கள் சுற்றுவதைக் கண்டு அண்ணன் காட்டுக்குள் போய்ப் பார்த்தார். நான் இருந்த இடத்துக்கு அப்பால், சிற்றோடை ஒன்றின் பக்கம், அது கிடந்தது. ஓநாய்கள் தின்றது போக மிச்சம்தான். இருநூறு கிலோவுக்குக் குறையாத இறைச்சி வீணாகிப் போயிருந்தது. அவர் வந்து என்னிடம் மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் வேறு குழுக்களும் வந்தவைதானே அண்ணன், என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பாண்டிருப்பான் ஒருவனுக்கு இதில் தனியான வெட்கம் ஒன்று உண்டு. எங்கள் திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் அருச்சுனன் தவநிலையைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தவமிருக்கும் அருச்சுனன் மீது பன்றி பாய்கிறது. அவனும் எய்கிறான், வேடனாக வந்த சிவனும் எய்கிறார். பன்றியை வீழ்த்தியது யார் அம்பு என்று இருவருக்கும் சண்டை மூள்கிறது. அருச்சுனன் தன் அம்பை விட்டுக்கொடுக்காமல் கடவுளோடேயே மல்லுக்கு நிற்கிறான். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நான், என் குண்டை என்னுடையது அல்ல என்று மறுத்தேன்.

ஆயுதத்தைப் பற்றி வாசிக்க வாசிக்க என் தவறு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் அம்பாறை மாவட்டத்துக்கு மேற்கே நில்கல, பிபிலைப் பக்கத்துத் திறந்த காடுகளை வெள்ளைக்காரர் 'பார்க்' என்று அழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் பேக்கர் அங்கே யானை வேட்டையாடினார். அவருடைய பெருந்துவக்குகளில் ஒன்று 21 இறாத்தல் எடை, 4 அவுன்ஸ் குண்டு. ஸ்கோப் கிடையாது. பத்துத் தப்படி தூரத்துக்குக் கிட்டப் போய், யானை திருப்பித் தாக்கும் இடத்தில் நின்று சுட்டார்கள். அந்தக் கொலைகளை இன்று நாம் புகழ முடியாது. ஆனால் எதைச் சுடுகிறோம், எங்கே படுகிறது என்பது சுட்டவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு வந்த டபிள்யூ. டி. எம். பெல் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் சிறு குண்டால் கொன்றார். யானைத் தலையை வெட்டி மூளை எங்கே இருக்கிறது என்று படித்த பிறகே அப்படிச் சுட்டார். குண்டின் பருமனும் கண்ணாடியின் பெருக்கமும் சுடுபவனின் அறிவுக்கு ஈடாக மாட்டா.

இதை ஊரவர்களும் வாசிப்பார்கள் என்பதால் யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கு மேல் செத்தன. துப்பாக்கிச் சூடு, மின்சாரம், தீனிக்குள் மறைத்து வைக்கும் ஹக்கப் பட்டாசு ஆகியவை அவற்றைக் கொல்லும் காரணங்களில் முன்வரிசையில் நிற்கின்றன. யானையைக் கொல்லும் பழக்கம் பழையது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டு, ஆங்கில அரசு அதற்குப் பரிசும் கொடுத்ததாக அக்கால அதிகாரி எமர்சன் ரெனன்ட் எழுதியிருக்கிறார். இன்று பரிசு இல்லை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அந்தக் கொலையைத் தடுக்கிறது. ஆனாலும் அம்பாறை வயல்களில் இரவில் வெடி கேட்கிறது. 12 போர் துவக்கின் சன்னம் யானையைப் பெரும்பாலும் அந்த இடத்தில் கொல்லாது. தோலுக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். காலில் பட்டால் அது நடக்க முடியாமல் பட்டினி கிடந்து, கிழமைகள் கழித்து எங்கோ விழும். சுட்டவர் அடுத்த நாள் வழமை போல வயலுக்குப் போவார்.

அவரை நான் குற்றம் சாட்டவில்லை. ஒரு போகத்து நெல்லை ஓர் இரவில் இழப்பவரின் பயமும் கோபமும் எனக்குத் தெரியும். அந்த வாடியில் நானும் படுத்தவன். கடன் வாங்கி விதைத்தவரின் துவக்குக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. என் துவக்குக்கு அதுவும் இல்லை. நான் அவரை விடக் கீழே நிற்கிறேன். ஆனால் சுட்டுவிட்டுப் பேசாமல் இருந்த இடத்தில் நாங்கள் இருவரும் ஒன்று. அந்த மௌனத்துக்குள் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். தூக்கத்தில் சத்தம் கேட்கும். சாப்பாட்டில் மனம் செல்லாது. நல்லவன் என்று யாராவது சொன்னால் உடம்பு கூசும்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன். "தெரியும் தம்பி" என்றார். "வெடிச் சத்தத்துக்குப் பின்னால அந்த அடி விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது. விடிய எண்டாலும் சொல்லுவாய் எண்டு பாத்திருந்தன்." அவர் என்னை ஏசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மன்னிப்பது அவருடைய வேலையும் அல்ல. குழுவில் மற்றவர்களுக்கும் பிறகு சொன்னேன். ஒருவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அது நியாயம்.

அந்த ஸ்கோப்பை விற்றுவிட்டேன். இப்போது என் துவக்கில் இருப்பது ஒன்றரையிலிருந்து ஐந்து மடங்கு பெருக்கும் சிறிய ஒன்று. நூற்றைம்பது மீற்றருக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுடுவதில்லை என்று விரதம் எடுத்திருக்கிறேன். அதனால் வெறுங்கையோடு திரும்பும் ஆண்டுகள் உண்டு. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

ஆகவே, என்னிடம் கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில் இது. பெரிய றைபிளுக்குச் சிறிய ஸ்கோப் போடுங்கள். நான்கு அங்குலத்துக்குக் கிட்டக் கண் இடைவெளி உள்ளதாகப் பாருங்கள். ஆகக் குறைந்த மடங்கில் வைத்தே காட்டுக்குள் நடவுங்கள். மிச்சம் பிடிக்கும் காசுக்குத் தோட்டா வாங்கி, நின்றும் முழந்தாளிட்டும் சுட்டுப் பழகுங்கள். எந்தத் தூரத்தில் ஒரு கையகல இலக்கைத் தவறாமல் அடிக்க முடிகிறதோ அதுதான் உங்கள் எல்லை. அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய காளை நின்றாலும் துவக்கை இறக்குங்கள். வெடி பட்டது என்று ஐயம் வந்தால்கூடக் குழுவிடம் அந்த நேரமே சொல்லுங்கள். வெட்கம் ஒரு நாளில் போய்விடும்.

ஊரிலுள்ள என் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நொண்டியபடியோ வாய் கிழிந்தோ சீழ் வடிந்தோ நிற்கும் யானையைக் கண்டால் அன்றைக்கே வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். சுட்டது யார் என்ற விசாரணை பிறகு நடக்கட்டும். முதலில் மிருக வைத்தியர் போய்ச் சேரட்டும்.